சென்னைக் கடற்கரைப் பீரங்கி அரண்கள்: 19-ஆம் நூற்றாண்டில் கனரகப் பீரங்கிகளை இயக்கிய முறை

கடல்வழியாக வரும் எதிரிக் கப்பல்களைத் தாக்குவதற்காகக் கரையில் நிலையாக நிறுவப்படும் பீரங்கி வரிசைக்குக் கடற்கரைப் பீரங்கி அரண் என்று பெயர். போர்க்கப்பல்களில் வைக்கப்பட்ட அதே வகைக் கனரகப் பீரங்கிகளே பெரும்பாலும் இவ்வரண்களிலும் வைக்கப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை, விசாகப்பட்டினம், திருகோணமலை, பம்பாய் போன்ற துறைமுகங்களின் பாதுகாப்பு இவற்றையே நம்பியிருந்தது. அந்த நூறு ஆண்டுகளில் பீரங்கித் தொழில்நுட்பம் முற்றிலும் மாறியது. வார்ப்பிரும்புக் குழாயில் உருண்டைக் குண்டைத் திணித்துச் சுடும் முறையில் தொடங்கி, எஃகுக் குழலின் பின்புறம் திறந்து கூர்முனைக் குண்டை ஏற்றும் முறையில் அது முடிந்தது. பீரங்கிகளை இயக்கியவர்களின் உழைப்பும், அவர்கள் எதிர்கொண்ட ஆபத்தும், யாருக்கு அந்தப் பணி அனுமதிக்கப்பட்டது என்பதும் இந்த வரலாற்றின் பகுதிகளே.

பின்புலம்

புனித ஜார்ஜ் கோட்டை 1640-இல் கடற்கரை மணலில் எழுந்தது. அக்காலத்தில் கோட்டையின் கிழக்குச் சுவருக்கு மிக அருகில் அலைகள் வந்து மோதின. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. இதனால் எதிரி நேராகக் கரையிறங்குவது கடினம். ஆனால் நங்கூரமிட்டு நிற்கும் வணிகக் கப்பல்களைக் கொள்ளையிடுவதும், கடலிலிருந்து கோட்டையைச் சுடுவதும் எளிது.

இந்த ஆபத்து வெறும் கற்பனை அன்று. 1746 செப்டம்பரில் லபூர்தொன்னே தலைமையிலான பிரெஞ்சுப் படை கடலிலிருந்தும் தரையிலிருந்தும் தாக்கிச் சென்னையைப் பிடித்தது. 1749-இல்தான் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியது. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலி கோட்டையை முற்றுகையிட்டார். ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் முற்றுகை முடிந்தது. கடல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் கோட்டையும் இருக்கும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்தின. அதன்பின் கோட்டையின் கடற்புறம் வலுப்படுத்தப்பட்டது. வடக்கே இராயபுரம் பக்கம் கிளைவ் அரண் என்ற தனிப் பீரங்கி நிலையும் இருந்தது.

சென்னை மாகாணத்தின் வேறொரு கரையில் இவ்வகை அரண் போரைக் கண்டது. 1804 செப்டம்பர் 15 அன்று, விசாகப்பட்டினத்தில் நங்கூரமிட்டிருந்த 'செஞ்சுரியன்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலையும் அதன் காவலில் இருந்த வணிகக் கப்பல்களையும் பிரெஞ்சுத் தளபதி லினுவா மூன்று போர்க்கப்பல்களுடன் தாக்கினார். கரையிலிருந்த சிறு பீரங்கி நிலை கப்பலுக்குத் துணையாகச் சுட்டது. வணிகக் கப்பல்களில் ஒன்று கரைதட்டி உடைந்தது. மற்றொன்று பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. எனினும் 'செஞ்சுரியன்' தப்பியது; லினுவா பின்வாங்கினார்.

வழவழப்புக் குழல் பீரங்கிகள்

19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பயன்பட்ட பீரங்கிகளின் குழல் உட்புறம் வழவழப்பாக இருக்கும். பீரங்கிகள் அவை வீசும் குண்டின் எடையால் பெயர் பெற்றன. 32 பவுண்டு பீரங்கி என்றால் ஏறத்தாழ 14.5 கிலோ எடையுள்ள இரும்புக் குண்டைச் சுடுவது என்று பொருள். அதன் பெரிய வகைக்குழல் மட்டுமே ஏறத்தாழ 2.8 டன் எடை கொண்டது. பின்னர் வந்த 68 பவுண்டு பீரங்கியின் எடை ஏறத்தாழ 4.8 டன்.

கப்பலில் பீரங்கி நான்கு சிறு சக்கரங்கள் கொண்ட மரத்தாங்கியில் நின்றது. சுடும்போது பின்னோக்கிப் பாயும் அதன் வேகத்தைக் கப்பலின் பக்கச்சுவரில் கட்டிய தடித்த வடம் தாங்கியது. கரையில் ஏற்பாடு வேறு. அங்கே தாங்கி ஒரு நீண்ட சாய்தளத்தின் மேல் அமர்ந்திருக்கும். சாய்தளத்தின் முன்பகுதி ஓர் அச்சில் பொருத்தப்பட்டு, பின்பகுதியின் சக்கரங்கள் தரையில் பதித்த வளைந்த இரும்புத் தண்டவாளத்தில் ஓடும். பின்பகுதியை இடமும் வலமும் தள்ளினால் பீரங்கி முழுவதும் திரும்பும். சாய்தளம் பின்புறம் சற்று உயர்ந்திருப்பதால், சுட்டவுடன் பின்பாயும் பீரங்கி மேடேறி வேகம் குறைந்து நிற்கும். மீண்டும் முன்னே தள்ளும்போது அதே சாய்வு வீரர்களுக்கு உதவும்.

சுடும் முறை

ஒரு கனரகப் பீரங்கியை இயக்கப் பத்துப் பேருக்கும் மேல் தேவைப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. முதல் எண்காரரே குழுத் தலைவர். குறி பார்ப்பதும் சுடக் கட்டளையிடுவதும் அவர் பொறுப்பு. பெயர் சொல்லி அழைக்காமல் எண்ணால் அழைத்ததற்குக் காரணம் உண்டு. ஒருவர் வீழ்ந்தால் அடுத்தவர் அந்த எண்ணை ஏற்று, அதே இடத்தில் அதே வேலையைத் தொடர வேண்டும்.

சுடும் பணி பின்வரும் வரிசையில் நடந்தது.

முதலில் நீண்ட கழியின் முனையில் கட்டிய ஈரத்துடைப்பானைக் குழலுக்குள் அடிவரை செலுத்தித் துடைத்தனர். முந்தைய வெடியில் எஞ்சிய கங்கு உள்ளே இருந்தால் அடுத்த மருந்துப்பை கையில் இருக்கும்போதே வெடித்துவிடும். துடைக்கும் நேரம் முழுவதும் மற்றொருவர் பீரங்கியின் பின்பக்கத் துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடியிருப்பார். தோலுறை அணிந்த அந்த விரல் சிறிது விலகினாலும் காற்று புகுந்து கங்கு உயிர்பெறும். முன்னே நிற்கும் தோழனின் கைகள் போய்விடும்.

அடுத்து, கம்பளித் துணியில் தைத்த மருந்துப்பையைக் குழல்வாயில் வைத்துத் திணிகோலால் அடிவரை தள்ளினர். கம்பளி பெரும்பாலும் முழுமையாக எரிந்துபோவதால், பருத்தியைப் போல் கனியும் துண்டுகள் எஞ்சும் வாய்ப்புக் குறைவு. அதன்மேல் குண்டும், குண்டு உருளாமல் பிடிக்கும் கயிற்றுப் பந்தும் திணிக்கப்பட்டன. பின்பக்கத் துளை வழியாகக் கூரிய கம்பியைச் செலுத்தி மருந்துப்பையைக் கிழித்த பிறகு, அதில் தீமூட்டும் குழாய் செருகப்பட்டது. பழைய காலத்தில் கனியும் திரியால் தீ வைத்தனர்; நூற்றாண்டின் நடுவில், கயிற்றைச் சுண்டி இழுத்தால் உராய்வினால் தீப்பற்றும் குழாய்கள் பரவின.

இதன்பின் பீரங்கியை முன்னே தள்ளி, நெம்புகோல்களாலும் கப்பிக் கயிறுகளாலும் திருப்பிக் குறிபார்த்தனர். உயரத்தை மாற்றப் பின்புறத்தின் கீழ் மர ஆப்பைச் செருகினர் அல்லது திருகைச் சுழற்றினர். குழலை ஐந்து பாகை உயர்த்திச் சுட்டால் 32 பவுண்டு குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் போய் விழும். ஆனால் அசையும் கப்பலின்மேல் நம்பிக்கையோடு குறிவைக்கக்கூடிய தொலைவு இதைவிட மிகக் குறைவு.

மரக்கப்பல்களுக்கு எதிராகக் கரை அரணுக்கு ஒரு தனி வலிமை இருந்தது. உலையில் செந்தழலாகக் காய்ச்சிய குண்டைச் சுட்டுக் கப்பலைத் தீக்கிரையாக்கலாம். 1782-இல் ஜிப்ரால்டர் முற்றுகையில் இம்முறை பெரும் சேதம் விளைவித்தது. மருந்துக்கும் செஞ்சூட்டுக் குண்டுக்கும் இடையே நீரில் ஊறவைத்த தடுப்பு வைப்பார்கள். தடுப்பு காய்வதற்குள் சுட்டாக வேண்டும். கப்பலில் உலை மூட்டுவது தனக்கே ஆபத்து என்பதால் இது பெரும்பாலும் கரைக்கே உரிய ஆயுதமாக இருந்தது.

வெடிமருந்தும் கிடங்கும்

கரும் வெடிமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் ஆகியவற்றின் கலவை. உலகச் சந்தைக்கான வெடியுப்பில் பெரும்பகுதி பீகாரிலிருந்து சென்றது. இந்திய மண்ணிலிருந்து எடுத்த உப்பே ஐரோப்பியப் போர்களின் பீரங்கிகளிலும் வெடித்தது. சென்னையிலும் வெடிமருந்து ஆலை இயங்கியது. வடசென்னையின் பவுடர் மில்ஸ் சாலை அந்தப் பெயரை இன்றும் தாங்கியிருக்கிறது.

கிடங்குக்குள் நுழைபவர்கள் இரும்பு ஆணி அடித்த காலணியைக் கழற்றிவிட்டு மென்காலணி அணிந்தனர். பீப்பாய்களின் பட்டைகளும் கருவிகளும் தீப்பொறி எழாதபடி செம்பிலோ மரத்திலோ செய்யப்பட்டன. விளக்கைக் கிடங்குக்கு வெளியே தனி அறையில் வைத்து, கண்ணாடிச் சாளரம் வழியாக ஒளியை மட்டும் உள்ளே விட்டனர். சென்னை போன்ற ஊரில் கடற்காற்றின் ஈரம் மற்றொரு பகை. ஈரம் குடித்த மருந்து வலுவிழக்கும். ஒரே உயரத்தில் சுட்டாலும் ஒவ்வொரு குண்டும் வேறு வேறு தொலைவில் விழும்.

கப்பல் பீரங்கிகள் தரைக்கு வந்தபோது

கடற்பீரங்கிகளை இந்தியாவின் உள்நாட்டுக்குள் இழுத்துச் சென்ற நிகழ்வும் உண்டு. 1857 ஆகஸ்டில் 'ஷானன்' என்ற போர்க்கப்பல் கல்கத்தா வந்தது. அதன் தலைவர் வில்லியம் பீல் 8 அங்குலப் பீரங்கிகளையும் மாலுமிகளையும் கங்கை வழியே அலகாபாத்துக்குக் கொண்டுசென்றார். ஒவ்வொரு பீரங்கியும் ஏறத்தாழ 3.3 டன் எடை. அங்கிருந்து தரைவழியாக அவை லக்னோவை அடைந்தன. 1857 நவம்பர் 16 அன்று ஷா நஜாப் கட்டடத்தின் சுவருக்கு மிக அருகில் பீரங்கிகள் தள்ளப்பட்டபோது குழுவினர் பலர் வீழ்ந்தனர். எஞ்சி நின்று சுட்டவர்களில் ஒருவரான வில்லியம் ஹால், கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த கறுப்பின மாலுமி. அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. ஒருவர் வீழ்ந்தால் மற்றவர் அவர் இடத்தை ஏற்கும் பயிற்சியின் பொருளை இந்நிகழ்வு காட்டுகிறது.

புரிகுழல் பீரங்கிகள்

1860-களில் இரும்புக் கவசம் பூண்ட கப்பல்கள் வந்தன. உருண்டைக் குண்டுகள் கவசத்தில் பட்டுத் தெறித்தன. எனவே குழலுக்குள் திருகுபோன்ற வரிப்பள்ளங்கள் வெட்டி, நீண்ட கூர்முனைக் குண்டைச் சுழலவிடும் பீரங்கிகள் தேவைப்பட்டன. சுழலும் குண்டு பம்பரம்போல் நிலை தடுமாறாமல் நேராகச் செல்லும்.

பிரிட்டன் முதலில் ஆம்ஸ்ட்ராங்கின் பின்திறப்புப் பீரங்கிகளை ஏற்றது. 1863 ஆகஸ்டில் ஜப்பானின் ககோஷிமா நகரைத் தாக்கியபோது 21 பீரங்கிகள் 365 முறை சுட்டதில் 28 விபத்துகள் நேர்ந்தன. இதன்பின் பிரிட்டன் பழையபடி வாய்வழி ஏற்றும் முறைக்கே திரும்பியது. ஆனால் குழல் வரிப்பள்ளம் கொண்டதாக இருந்தது.

இந்தப் பீரங்கிகளின் அளவு வேறு. 9 அங்குலப் பீரங்கியின் எடை 12 டன். குண்டு ஏறத்தாழ 115 கிலோ. 10 அங்குலப் பீரங்கி 18 டன். குண்டு ஏறத்தாழ 180 கிலோ. ஒரு முறை சுட ஏறத்தாழ 32 கிலோ மருந்து. இத்தகைய குண்டைக் கையால் தூக்க முடியாது. சிறு பாரந்தூக்கியில் கட்டிக் குழல்வாய்க்கு உயர்த்தி, குண்டின் பக்கங்களில் உள்ள வெண்கலக் குமிழ்களைக் குழலின் பள்ளங்களோடு பொருத்தி, பலர் சேர்ந்து திணிகோலைத் தள்ள வேண்டும். பின்பாய்ச்சலைத் தாங்க உராய்வுத் தகடுகளும் பின்னர் நீரியல் தடுப்பான்களும் வந்தன. மால்டாவிலும் ஜிப்ரால்டரிலும் நிறுவப்பட்ட 100 டன் பீரங்கிகளை இயக்க மனித வலிமை போதாமல் நீராவி எந்திரம் தேவைப்பட்டது.

வாய்வழி ஏற்றும் முறையின் பெருங்குறை 1879 ஜனவரி 2 அன்று வெளிப்பட்டது. 'தண்டரர்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் இரு பீரங்கிகளை ஒரே நேரத்தில் சுட்டபோது, அவற்றில் ஒன்று வெடிக்காததை எவரும் கவனிக்கவில்லை. அதே குழலுக்குள் மீண்டும் மருந்தும் குண்டும் ஏற்றப்பட்டன. அடுத்த முறை சுட்டதும் குழல் சிதறி 11 பேர் இறந்தனர். பின்புறம் திறக்கும் பீரங்கியில் குழல் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். 1880-களில் பிரிட்டன் பின்திறப்பு முறைக்கு மீண்டும் மாறியதற்கு இவ்விபத்தும் ஒரு காரணம்.

தொலைவை அளத்தல்

பீரங்கி எவ்வளவு வலியதாயினும் இலக்கின் தொலைவு தெரியாவிட்டால் பயனில்லை. பீரங்கிப்படை அதிகாரி வாட்கின் வடிவமைத்த தொலைவு அளவி எளிய முக்கோணவியலைப் பயன்படுத்தியது. உயரமான இடத்திலிருந்து கப்பலின் நீர்மட்டக் கோட்டை நோக்கினால், பார்வை கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்கிறது என்ற கோணம் கிடைக்கும். நிற்கும் உயரம் தெரிந்தால் தொலைவைக் கணக்கிடலாம்.

இம்முறைக்கு உயரம் இன்றியமையாதது. 30 மீட்டர் உயரத்திலிருந்து 3,000 மீட்டர் தொலைவில் உள்ள கப்பலைப் பார்த்தால் தாழ்வுக் கோணம் ஏறத்தாழ 34 கலை. இதில் ஒரு கலை பிழை நேர்ந்தால் தொலைவில் ஏறத்தாழ 90 மீட்டர் தவறும். அதே கப்பலை 10 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் கோணம் 11 கலையே. ஒரு கலைப் பிழை ஏறத்தாழ 260 மீட்டர் தவறாகிவிடும். குன்றுகள் சூழ்ந்த திருகோணமலைக்கு இயற்கை தந்த வசதி சென்னையின் தட்டையான மணற்கரைக்குக் கிடைக்கவில்லை.

பீரங்கிகளை இயக்கியவர்கள்

சென்னைப் படையின் பீரங்கிப் பிரிவுக்குப் பரங்கிமலையே தலைமையிடம். அதில் ஐரோப்பியர் மட்டுமல்லாமல் 'கோலந்தாஸ்' எனப்பட்ட இந்தியப் பீரங்கி வீரர்களும் இருந்தனர். இழுப்பது, தூக்குவது, துடைப்பது போன்ற பணிகளுக்கு 'லஸ்கர்கள்' அமர்த்தப்பட்டனர். பாரசீக வழி வந்த இச்சொல் தமிழ்நாட்டின் பாசனப் பணியாளர் பதவிப் பெயராக இன்றும் வழங்குகிறது.

கடற்கரை அரண்களின் வலிமை உள்நாட்டுப் பாளையங்களோடும் பிணைந்திருந்தது. பாலாற்றங்கரையில், காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள வாலாஜாபாத் அத்தகைய ஒரு பாளையம். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இவ்வூரையும் இராணிப்பேட்டை மாவட்டத்து வாலாஜாப்பேட்டையையும் ஒன்றெனக் கருதக் கூடாது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் சென்னைப் படையின் பிரிவுகள் இங்கே நிறுத்தப்பட்டன. கடலிலிருந்து வரும் பகையைக் கோட்டைப் பீரங்கிகளும், மேற்கிலிருந்து வரும் பகையை இத்தகைய பாளையங்களும் எதிர்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. வாலாஜாபாத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் பெய்லியின் படையை முறியடித்தன. மைசூர்ப் படையின் தாக்குதலில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியது அத்தோல்விக்கு முக்கியக் காரணம். மருந்துக்கிடங்கைக் காப்பது பீரங்கியைக் காப்பதினும் முதன்மையானது என்பதற்கு இது சான்று.

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி விரைந்து வந்ததும், குதிரைப்படையின் பீரங்கிகள் கோட்டைக் கதவைத் தகர்த்ததுமே எழுச்சியின் முடிவைத் தீர்மானித்தன. பீரங்கி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அன்றே ஆட்சியாளரை உறுத்தியது. 1857-க்குப் பின் அதற்கான விடை வெளிப்படையானது. மலைப் பீரங்கிப் பிரிவுகள் போன்ற சில தவிர, பிற பீரங்கிகள் அனைத்தும் ஐரோப்பியர் வசம் ஆயின. 1860-களின் தொடக்கத்தில் சென்னைப் பீரங்கிப் படை பிரிட்டிஷ் அரச பீரங்கிப் படையோடு இணைக்கப்பட்டது. இந்தியர் பீரங்கியை இழுக்கலாம், குண்டைத் தூக்கலாம். குறிபார்த்துச் சுடுவது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. இந்திய வீரர்களைக் கொண்ட களப் பீரங்கிப் பிரிவு மீண்டும் உருவாக 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1914: எம்டன்

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய சென்னைத் துறைமுகம், 1881 நவம்பர் புயலில் பெருஞ்சேதமடைந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. துறைமுகச் சுவர்களால் மணல் சேர்ந்து கடல் கோட்டையைவிட்டு விலகியது. ஒரு காலத்தில் அலை தொட்ட கோட்டைக்கும் கடலுக்கும் இடையே நிலம் வளர்ந்தது.

கரைப் பீரங்கிகளுக்கு உண்மையான சோதனை 1914 செப்டம்பர் 22 இரவு வந்தது. கார்ல் ஃபோன் முல்லர் தலைமையிலான ஜெர்மானியப் போர்க்கப்பல் 'எம்டன்', விளக்குகள் எரிந்துகொண்டிருந்த நகரை இரவு 9.30 மணியளவில் ஏறத்தாழ 3,000 கஜம் தொலைவிலிருந்து சுட்டது. அதன் 10.5 செ.மீ. பீரங்கிகள் ஏறத்தாழ 10 நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசின. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள் தீப்பற்றின. துறைமுகத்தில் சிலர் உயிரிழந்தனர். கரையிலிருந்து 9 குண்டுகள் மட்டுமே பதிலுக்குச் சுடப்பட்டன. ஒன்றுகூடக் கப்பலைத் தொடவில்லை. கப்பல் விளக்கை அணைத்துவிட்டு இருளில் மறைந்தது. நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' அதை வீழ்த்தியது.

சென்னையில் நேர்ந்த பொருட்சேதத்தைவிட மனச்சேதமே பெரிது. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினர். கோட்டையின் காவல் குறித்த நம்பிக்கை ஓர் இரவில் சரிந்தது. துணிச்சலும் சூழ்ச்சியும் மிக்கவரைக் குறிக்கும் 'எம்டன்' என்ற சொல் தமிழில் நிலைத்தது.

மதிப்பீடு

எம்டனைத் தாக்கத் தவறியதை வீரர்களின் திறமைக்குறைவாக மட்டும் கருத இயலாது. இரவு, தட்டையான கரை, வேகமாக நகரும் நீராவிக் கப்பல், முன்னறிவிப்பில்லாத பத்து நிமிடத் தாக்குதல் ஆகிய அனைத்தும் அரணுக்கு எதிராக இருந்தன. நங்கூரமிட்டு நின்று சுடும் பாய்மரக் கப்பலை எதிர்கொள்ளவே கரை அரண் என்ற ஏற்பாடு முதலில் தோன்றியது. காலம் அதை முந்திச் சென்றுவிட்டது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் கோட்டை அருங்காட்சியகத்திலும் பழைய பீரங்கிகளை இன்றும் காணலாம். உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது. பீரங்கிகளைப் பார்க்கும் மாணவர்கள் குழலின் பின்பகுதியில் உள்ள சிறு துளையைக் கவனிக்க வேண்டும். பெயர் பதிவாகாத எத்தனையோ வீரர்கள், தம் தோழரின் உயிரைக் காக்கக் கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருந்த இடம் அது.